சாவி கொடுக்கும் அலாரம் கடிகாரம்: 63 இரவுகளுக்குப் பிறகு

படுக்கையறையிலிருந்து போனை வெளியேற்ற நான் முடிவெடுத்தது இது முதல் முறை அல்ல. ஒவ்வொரு முறையும் ஒரே சாக்கில் அது திரும்ப உள்ளே வந்துவிடும்: காலையில் எழுப்ப அலாரம் வேண்டுமே. அலாரம் வைக்கத்தான் ராத்திரி கையில் எடுப்பேன். வைக்க அரை நிமிடம், கீழே வைக்க ஒரு மணி நேரம். நான் பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவள். பகல் முழுக்க எழுத்தைப் பார்த்துக் களைத்த கண்ணை ராத்திரியும் கொண்டுபோய்த் திரையில் ஒட்டவைத்திருந்தேன். போனிலேயே இருக்கும் நேரக் கட்டுப்பாட்டையும் போட்டுப் பார்த்தாயிற்று. நேரம் முடிந்தது என்று சொல்லிவிட்டு, கீழேயே 'இன்னும் 15 நிமிடம்' என்று ஒரு பொத்தானையும் நீட்டுகிறது.

அந்தச் சாக்கே இருக்கக் கூடாது என்றுதான் இரண்டு மாதம் முன்பு இந்தக் கடிகாரத்தை வாங்கினேன். உலோக உடம்பு, உச்சியில் இரண்டு மணி, நடுவே சின்னச் சுத்தியல். இதே தோற்றத்தில் விற்கும் பலவற்றின் உள்ளே இருப்பது பேட்டரி போட்ட குவார்ட்ஸ்தான். வாங்கும்போது முன்பக்கத்தைப் பார்த்து ஏமாறாமல் திருப்பிப் பாருங்கள். பின்னால் இரண்டு சாவி இருக்க வேண்டும், ஒன்று ஓட்டத்துக்கு, ஒன்று மணிக்கு.

சாவி கொடுப்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த வேலை. முதல் நான்கைந்து திருப்பு 'கிர்ரக் கிர்ரக்' என்று லேசாகப் போகும். எட்டாவது, ஒன்பதாவதில் உள்ளே சுருளும் ஸ்பிரிங் கட்டைவிரலை எதிர்த்துத் தள்ளுவது தெரியும். பன்னிரண்டில் நின்றுவிடும். அங்கேயே விட்டுவிட வேண்டும். முழுக்கச் சாவி கொடுத்தால் கெட்டுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். முழுக்கக் கொடுப்பதில் தப்பே இல்லை, நின்ற பிறகும் முறுக்குவதுதான் தப்பு. ஒருமுறை கொடுத்தால் ஒன்றரை நாள் ஓடும். ஆனாலும் தினமும் ஒரே நேரத்தில் கொடுப்பது நல்லது. ஸ்பிரிங் தளரத் தளர ஓட்டம் கொஞ்சம் மாறும், ஒரே நேரத்தில் கொடுத்தால் அந்த மாற்றம் நாளுக்கு நாள் ஒரே அளவில் நிற்கும். எங்கள் வீட்டில் ஒன்பதரை மணிக்குப் போன் கூடத்துக்குப் போகும், பிறகு சாவி. "அம்மா, நேத்து நீதானே குடுத்தே, இன்னைக்கு நான்" என்று மகள் முன்னாடியே வந்து நிற்கிறாள்.

முதல் வாரம் நாளைக்கு 4 நிமிடம் வேகமாக ஓடியது. இது பழுது இல்லை. பின்பக்கம் 'எஸ்', 'எஃப்' என்று இரண்டு எழுத்துக்கு நடுவில் ஒரு சிறு நெம்புகோல் உண்டு. மெதுவாக ஓடவேண்டுமானால் 'எஸ்' பக்கம். ஓட்டத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும் சமநிலைச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் முடிபோன்ற ஸ்பிரிங்கின் அசையும் நீளத்தை அது மாற்றுகிறது. நீளம் கூடினால் சக்கரம் நிதானமாக ஆடும். ஒரு முடி அளவு நகர்த்திவிட்டு முழுசாக ஒரு நாள் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அன்றைக்கே இரண்டாம் முறை தொட்டால் எதனால் என்ன ஆனது என்றே தெரியாது. எனக்கு ஐந்து நாள் பிடித்தது. இப்போது நாளைக்கு ஒரு நிமிடத்துக்குள் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை திருத்திக்கொள்கிறேன்.

குறைகளும் இருக்கின்றன. அலாரம் முள்ளுக்குப் பகல், ராத்திரி தெரியாது. ஒரு மாலை நாலு மணிக்கே மறுநாள் காலை ஐந்தரைக்கு வைத்தேன், அன்று சாயங்காலம் ஐந்தரைக்கே அடித்துவிட்டது. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வைத்தால்தான் சரி. சொன்ன நேரத்துக்கு ஐந்து, ஏழு நிமிடம் முன்பின்னாகவும் அடிக்கும். சத்தம் மிக அதிகம். முதல் நாள் நெஞ்சு படபடத்தது. ஒரு மணியின் மேல் துணிப்பட்டை சுற்றிய பிறகுதான் தாங்க முடிந்தது. 'டிக் டிக்' இன்னொரு பிரச்சினை. "இது ராத்திரி பூரா பேசிக்கிட்டே இருக்கு" என்று கணவர் மூன்று நாள் தூங்கவில்லை. மர அலமாரி அந்தச் சத்தத்தை வாங்கிப் பெரிதாக்குகிறது. அடியில் கம்பளித் துணியை நாலாக மடித்து வைத்ததும் பாதியாகக் குறைந்தது. சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொள்கிறவர்களுக்கு இந்தக் கடிகாரத்தை நான் சொல்ல மாட்டேன்.

பழைய கடிகாரம் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இருட்டில் ஒளிரும் முள்ளுக்கு ஒரு காலத்தில் ரேடியம் கலந்த சாயம் பூசினார்கள். இப்போது ஒளிராமல் போயிருந்தாலும் அதன் கதிர்வீச்சு போகவில்லை, ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டு ஆகும். கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டவே கூடாது.

'ஸ்னூஸ்' இதில் இல்லை. மணி 40 நொடி அடித்து, அதன் ஸ்பிரிங் தீர்ந்து ஓய்ந்துவிடும். மூன்றடி தள்ளி அலமாரியில் வைத்திருப்பதால் எழுந்துதான் நிறுத்த வேண்டும். முன்பு அலாரத்தை நிறுத்தினாலே போன் கையில் இருக்கும், மெசேஜ் கண்ணில் படும், பல் தேய்க்கும் முன்பே யாரோ ஒருவர் மேல் கோபம் வந்திருக்கும். போனில் இழுக்க இழுக்க முடிவே வராத பக்க அமைப்பை 2006-இல் உருவாக்கிய அஸா ராஸ்கினே பிற்பாடு அதற்காக வருந்தியிருக்கிறார். இந்தக் கடிகாரத்தில் எல்லாம் ஒரு கட்டத்தில் தீர்ந்துபோகிறது. மணி தீரும், ஓட்டமும் தீரும், நான் வந்து சாவி கொடுக்கும்வரை அது என்னை எதுவும் கேட்காது. காலையில் அதை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறக்கிறேன். வெளிச்சம் வரும்வரை சும்மா நிற்கிறேன்.

எனக்கு இருந்த பெரிய பயம் அப்பா. தனியாக இருக்கிறார், ராத்திரி அவசரமென்றால்? அவர் எண்ணுக்கும் தங்கை எண்ணுக்கும் மட்டும் சத்தம் வரும்படி வைத்து, போனைக் கூடத்து மேசையில் விட்டு, அறைக் கதவைத் திறந்தே வைத்தேன். நாற்பதாவது ராத்திரியோ என்னவோ, இரண்டு மணிக்குப் போன் அடித்தது. முதல் மணியிலேயே கேட்டுவிட்டது. ஓடிப்போய் எடுத்தேன். மாத்திரை டப்பாவை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் தவித்திருக்கிறார். கிடைக்கும்வரை நின்றபடியே பேசினோம். பேசி முடித்ததும் போனை அந்த மேசையிலேயே வைத்துவிட்டு வந்து படுத்தேன்.