ஃபர்னஸ் ஆயில் ஹீட்டரில் டிவிஸ்டட் டேப்: சில வருட அனுபவம்

எங்கள் பாய்லருக்கு எரிபொருளான கெட்டியான ஃபர்னஸ் ஆயிலைச் சூடாக்கித் தரும் ஷெல் அண்ட் டியூப் ஹீட்டரில், அதாவது பெரிய உருளைக்குள் டியூப் கட்டு வைத்த ஹீட்டரில், டியூபுக்குள் ஆயில், வெளியே நீராவி. ஒவ்வொரு டியூபிலும் டிவிஸ்டட் டேப், அதாவது முறுக்கிய எஸ்.எஸ். பட்டை, செருகிச் சில வருடங்கள் ஆகிவிட்டன.

பலன் கண்கூடு. 60 டிகிரியில் நுழையும் ஆயில் முன்பெல்லாம் 85ஐத் தொடவே திணறும். பர்னர் புகை கக்கும். இப்போது அதே நீராவியில் 100ஐத் தாண்டுகிறது. இதில் மாயம் ஒன்றுமில்லை. 20 மி.மீ. டியூபில் அந்தக் கெட்டி ஆயிலுக்கு ரெனால்ட்ஸ் எண் (ஓட்டம் எவ்வளவு கலங்கி ஓடுகிறது என்பதைக் காட்டும் எண்) 200கூடத் தேறாது, அதாவது கலங்காமல் அடுக்கடுக்காக ஓடும். சுவரை ஒட்டிய ஆயில் சூடேறும், நடுவில் ஓடுவது வந்த சூட்டோடே வெளியே போய்விடும். பட்டை அதைச் சுழற்றிச் சுவர்ப்பக்கம் தள்ளுகிறது. தீக்குழாய் பாய்லர்களில் இப்படிப் பட்டை செருகிப் பார்த்ததை விட்ஹாம் (Whitham) என்பவர் 1896லேயே எழுதியிருக்கிறார்.

எங்கள் பட்டை அரைச்சுற்றுக்கு 80 மி.மீ. எடுக்கும், அதை டியூப் விட்டத்தால் வகுத்தால் முறுக்கு விகிதம் 4. இன்னும் இறுக்கி முறுக்கினால் சூடு கூடும், பிரஷர் டிராப்பும் (ஹீட்டரைக் கடப்பதில் ஆயில் இழக்கும் அழுத்தம்) ஏறும். இதற்கே சதுர செ.மீ.க்கு 0.7 கிலோவாக இருந்தது 2 கிலோவை நெருங்கிவிட்டது. எங்களுடையது கியர் பம்ப், எதிர்ப்பு கூடினாலும் ஏறக்குறைய அதே அளவைத் தள்ளும் என்பதால் ஆயில் அளவு குறையவில்லை; மோட்டார் ஆம்பியரும் ரிலீஃப் வால்வு (அழுத்தம் மீறினால் திறக்கும் வால்வு) செட்டிங்கும் தாங்குமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டோம். சென்ட்ரிஃபியூகல் பம்ப் வைத்திருப்பவர்கள் எதிர்ப்பு ஏறினால் ஓட்டம் எவ்வளவு குறையும் என்று காட்டும் பம்ப் கர்வைப் பார்க்காமல் ஆர்டர் போடவே கூடாது.

நிஜமான செலவு சுத்தம் செய்வதில்தான் இருக்கிறது. பட்டை உள்ளே இருக்கும்வரை ஹைட்ரோ ஜெட் (உயர் அழுத்தத் தண்ணீர்) விட முடியாது, ஒவ்வொன்றாக உருவ வேண்டும். ஹீட்டர் ஆறிவிட்டால் பிசின்போல் பிடித்துக்கொள்ளும். அதனால் கொஞ்சம் நீராவி காட்டி, சூடு இருக்கும்போதே டீசல் ஓட்டிக் கழுவி, அப்புறம்தான் டியூப் முனைகளை மூடியிருக்கும் சேனல் கவரைக் கழற்றுவோம். ஒரு ஷட்டவுனில் சில டியூப்களின் வாயில் பளபளவென்று கீறல் தெரிந்தது. பட்டையை நகராமல் பிடித்திருக்கும் நுனிக் கொக்கி விட்டுப்போய், பட்டை ஆடி ஆடிச் சுவரைத் தேய்த்திருந்தது. சப்ளையர் கொடுத்த கொக்கி மெலிசு. இப்போது கனமான கம்பியில் நாங்களே வளைத்துப் போடுகிறோம். ஹீட்டருக்கு முன்னால் கசடை வடிகட்ட நல்ல ஸ்ட்ரெய்னர் கட்டாயம்.

பட்டைக்குப் பதில் டியூபுக்குள் செருகும் வயர் மேட்ரிக்ஸ், அதாவது கம்பி வளையத் தொகுப்பு, ஆயிலை இன்னும் நன்றாகக் கலக்கும். ஆனால் எங்கள் ஆயிலில் வரும் கசடுக்கு அந்த நெருக்கமான கம்பி வளையங்கள் ஒத்துவராது; சுத்தமான ஆயில் ஓடும் இடத்தில் தாராளமாகப் போடலாம்.

இதைப் பார்த்துவிட்டு, டியூபுக்குள் கூலிங் வாட்டரும் வெளியே ஆயிலும் ஓடும் கூலரிலும் பட்டை போடலாமே என்று கேட்டார்கள். மறுத்துவிட்டேன். அங்கே தண்ணீரின் ரெனால்ட்ஸ் எண் 20,000க்கு மேல், ஏற்கெனவே நன்றாகக் கலங்கித்தான் ஓடுகிறது. சூடு தடைப்படுவது வெளிப்பக்க ஆயிலில். டியூபுக்குள் என்ன செருகினாலும் பிரஷர் டிராப்தான் ஏறும், கூலிங் டவர் தண்ணீரின் உப்பும் பாசியும் பட்டையில் படியும். அந்தக் கூலருக்கு வெளிப்பக்கம் ஃபின் (பரப்பைக் கூட்டும் மெல்லிய தகடு) வைத்த டியூப் கேட்டிருக்கிறேன்.