18 தாண்டின மருமகனும் ஊர்ல பாத்த பேப்பர் வேலையும்

ஊருக்கு போனா கோயில் கொடை, கல்யாண வீடு, பல் டாக்டர்னு நாள் ஓடிரும். இந்த தடவை முக்காவாசி நேரம் திருநெல்வேலில அக்கா பையன் விஷயமா அலையறதுலயே போச்சு. மருமகனுக்கு ஆட்டிசம், கூடவே அறிவுசார் குறைபாடும் உண்டு, பேச்சு கொஞ்சம்தான், ஆனா நாம சொல்றது எல்லாம் புரியும், சால்னா வாசனை எந்த தெருவுல இருந்து வந்தாலும் கண்டுபிடிச்சிருவான். போன வருஷம் 18 முடிஞ்சுது, படிச்ச ஸ்பெஷல் ஸ்கூல்ல "இனிமே வீட்ல வச்சு பாத்துக்கோங்க"ன்னு அனுப்பிட்டாங்க. அதுல இருந்து காலைல டிவி, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் போன், அவ்வளவுதான்.

நான் இருக்கிறது நியூ ஜெர்சில. அங்க ஒரு ஃபிரண்ட் பொண்ணுக்கு 14 வயசுலயே ஸ்கூல் மீட்டிங்ல "படிப்பு முடிஞ்சு என்ன பண்ணப் போறா, எங்க இருக்கப் போறா"ன்னு பேச ஆரம்பிச்சாங்க, அவளையும் பக்கத்துல உக்கார வச்சு. 21 வரைக்கும் ஸ்கூல், அதுக்கப்புறம் குறைபாடு இருக்கிற பெரியவங்களுக்குன்னு மாநிலம் நடத்துற அடல்ட் சர்வீஸ். அங்க எல்லாம் சொர்க்கம்னு சொல்ல வரல, ஸ்கூல் பஸ் நின்ன மறுநாள் அங்கயும் பெத்தவங்க முழிக்கத்தான் செய்றாங்க. ஆனா அந்த நாள் வரப்போகுதுன்னு ஏழு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். இங்க அக்கா வீட்ல 18ங்கிறது கேக் வெட்டின நாள், வேற எதுவும் யோசிக்கல, யாரும் சொல்லவும் இல்ல.

முதல் இடி பேங்க்ல இருந்து வந்துச்சு. தமிழ்நாடு அரசு மாசம் 2000 ரூபா பராமரிப்பு உதவித்தொகை தர்றது இவன் கணக்குல தான் விழும், மைனர் அக்கவுண்டா இருந்த வரைக்கும் அத்தான் எடுத்துட்டு இருந்தார், 18 ஆனதும் "பையன் கையெழுத்து போடணும்"னுட்டாங்க. இவனுக்கு பென்சில் பிடிக்கிறதே பெரும்பாடு. மேனேஜர் "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க சார்"னு சொல்லவும் அத்தான் வக்கீல் பாக்க கிளம்பிட்டார், நான்தான் பிடிச்சு நிறுத்தினேன்.

ஏன்னா இந்த ஒரு விஷயத்துல நம்ம ஊரு அமெரிக்காவ விட எவ்வளவோ மேல். அங்க கார்டியன்ஷிப், அதாவது 18 தாண்டினவனுக்காக கையெழுத்து போட சட்டப்படி ஒருத்தரை வைக்கணும்னா, கோர்ட், வக்கீல், டாக்டர் ரிப்போர்ட்னு டாலர் கரையும். இங்க 1999ல வந்த நேஷனல் டிரஸ்ட் சட்டம் இருக்கு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை குறைபாடு இந்த நாலுக்கும் பொருந்தும். மாவட்டத்துக்கு ஒரு கமிட்டி, கலெக்டர் தலைமை, கூட ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர், ஒரு மாற்றுத்திறனாளி. அப்பா அம்மா ரெண்டு பேரும் சேர்ந்தே கார்டியன் ஆகலாம், வக்கீல் தேவையே இல்ல. அந்த சான்றிதழை பேங்க் ஏத்துக்கணும்னு ரிசர்வ் பேங்க் 2007லயே சொல்லிருக்கு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல இருந்த அம்மா பொறுமையா உக்காந்து படிவத்துல எங்க என்ன எழுதணும்னு காட்டினாங்க. "நிறைய பேர் பணம் நின்ன பிறகுதான் சார் வர்றாங்க, 17 முடியும்போதே பேப்பரை ரெடி பண்ணிட்டா இந்த இடைவெளியே வராது"ன்னாங்க. டிசபிலிட்டி சர்டிபிகேட்டையும் பாத்தாங்க, சின்ன வயசுல எடுத்தது. 18ல மறுபடி டெஸ்ட் பண்ணி வாங்கிட்டா அது ஆயுசுக்கும் செல்லும்னு சொன்னாங்க, அதனால யுடிஐடி கார்டையும் (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) சேத்து புதுப்பிக்க கொடுத்தாச்சு.

அடுத்து வந்துச்சு பாருங்க குடும்ப அரசியல். "எங்களுக்கு அப்புறம் மாமாதான் கார்டியன்"னு அக்கா ஒரே போடா போட்டா. நான் ஓசிஐ, அதாவது வெளிநாட்டு குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளி, விதிப்படி கார்டியனா இருக்க இந்திய குடிமகனா இருக்கணும், கதை முடிஞ்சுது. வெளிநாட்டு பாஸ்போர்ட் வாங்கின மாமா சித்தப்பா எல்லாரும் இதை ஒரு தடவை மனசுல வாங்கிக்கோங்க, நம்மள நம்பித்தான் ஊர்ல பாதி வீட்ல பிளானே இருக்கு. நான் இல்லன்னதும் அத்தான் சட்டுனு "அப்ப பாப்பா பேரு போட்டுரலாம்"னார். பாப்பான்னா இவன் தங்கச்சி, இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம், ஹாஸ்டல்ல இருந்து லீவுக்கு வந்திருந்தா. அந்த படிவத்துல கார்டியன் ஆகப்போறவர் சம்மதம் சொல்லி கையெழுத்து போட இடம் இருக்கு, அவ அதை காட்டி "கவர்மெண்டு கூட கேக்குது மாமா, வீட்ல யாரும் கேக்கல"ன்னா. அக்கா மூஞ்சி சுருங்கிப்போச்சு. அவ முடியாதுன்னு சொல்லல, சென்னைல வேலை கிடைச்சா அண்ணன் அங்க வருவானா, கல்யாணம் ஆனா எப்படி, இதெல்லாம் இப்பவே பேசணும்னு தான் சொன்னா. எனக்கு அவ சொன்னது நூத்துக்கு நூறு சரின்னு பட்டுச்சு. இப்போதைக்கு அப்பா அம்மா பேருல போட்டாச்சு, பின்னால மாத்த வேண்டி வந்தா அந்த கமிட்டி கிட்டயே போலாம்.

பணத்த பத்தி ஒன்னே ஒன்னு சொல்லிட்டு போறேன். அத்தான் கவர்மெண்ட் வாத்தியார், 2003 ஏப்ரலுக்கு முன்னாடி சேர்ந்தவர், பழைய பென்ஷன். இந்த மாதிரி பிள்ளைக்கு பெத்தவங்க காலத்துக்கு அப்புறம் ஆயுசு பூரா குடும்ப ஓய்வூதியம் வர வழி இருக்கு, ஆனா ரிடையர் ஆகறப்பவே பேப்பர்ல பிள்ளை பேரும் குறைபாடும் ஏறிருந்தா பின்னால அலைச்சல் இல்ல. அத்தானுக்கு இது தெரியல! முப்பது வருஷம் சர்வீஸ். நிராமயான்னு ஒரு லட்சம் வரைக்கும் மருத்துவ காப்பீடு இருக்கு, தெரபி செலவும் அதுல வரும், அதுவும் எடுக்கல.

சரி, பேப்பர் எல்லாம் நடந்துரும். எனக்கு உறுத்தினது வேற. போற வர்ற சொந்தக்காரங்க எல்லாரும் கேக்கறது "உங்களுக்கு அப்புறம் இவனை யாரு பாத்துக்குவா"ன்னு தான். அக்காவுக்கு 50 தான் ஆகுது, அதுக்குள்ள இருக்கிற இருபது முப்பது வருஷத்துல இவன் காலைல எந்திரிச்சு எங்க போவான்னு ஒருத்தரும் கேக்கல. 18 வயசு ஆம்பளைப் பையனை அக்கா இன்னும் குளிப்பாட்டி விடுறா, இடுப்பு வலியோட. ஷேவிங் அத்தான் பண்ணி விடுறார். தண்ணி மோந்து ஊத்த அவனுக்கு தெரியும், சோப்பு போட தெரியும், ஆனா லேட் ஆகும்னு யாரும் விடல, ஸ்கூல்லயும் இத்தன வருஷமா ஏ பி சி டி தான் எழுத வச்சிருக்காங்க.

தென்காசி பக்கம் ஆய்க்குடில அமர் சேவா சங்கம் இருக்கே, 1981ல ராமகிருஷ்ணன் ஆரம்பிச்சது, கழுத்துக்கு கீழ அசைவில்லாத மனுஷன் கட்டி எழுப்பின இடம், அங்க ஒரு நாள் கூட்டிட்டு போனோம். தொழிற்பயிற்சி பத்தி கேட்டுட்டு வந்தோம். தினம் பஸ்ல போய் வர்றது கஷ்டம், தங்க வைக்க அக்காவுக்கு மனசு இல்ல, அது நியாயம் தான். அதனால பக்கத்துலயே ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டரை பிடிச்சோம், வாரத்துல மூணு நாள் வருவாங்க, பாடம் கிடையாது, குளியல், ஷேவிங், துணி மடிக்கிறது, கடைக்கு போய் பணம் கொடுத்து மிச்சம் வாங்கறது, இது மட்டும்தான். அந்த டீச்சர் முதல் நாளே அக்காவ பாத்து "நீங்க பாத்ரூமுக்கு வெளிய நில்லுங்க"ன்னுட்டாங்க. அக்காவுக்கு கோவம்.

நாலு தெரு தள்ளி இதே மாதிரி பிள்ளைங்க இருக்கிற இன்னும் மூணு வீட்டை கண்டுபிடிச்சிருக்கோம், எல்லாரும் சேர்ந்து ஒரு வீட்டு மாடில பகல் நேர சென்டர் மாதிரி வைக்கலாம்னு பேச்சு. வாடகையை நான் ஏத்துக்கறேன்னு சொல்லிருக்கேன், ஆள் யாரு போடறதுன்னு தான் வாட்ஸ்அப்ல இன்னும் சண்டை நடக்குது.