சர்வர் இடமாற்றம்: நிறுத்தி மாற்றுவதா, ஓடவிட்டே மாற்றுவதா?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை ஒன்றின் ஆர்டர் தளத்தை மும்பை டேட்டா சென்டரிலிருந்து சென்னைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. நடுவில் மாம்பழ சீசன் வேறு.

நிறுத்தி மாற்றுவது எளிது. இரவில் தளத்தை மூடி, மொத்தத்தையும் நகலெடுத்து, புது சர்வரில் திறந்தால் போதும். தரவு பழைய சர்வரில் பாதி, புதியதில் பாதி என்று இரண்டாகப் பிரியாது. ஆனால் 200 ஜிபி, நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் போய்ச் சேர கிட்டத்தட்ட நாலரை மணி நேரம் பிடிக்கும். அதுவரை தளம் இல்லை.

ஓடவிட்டே மாற்றுவதற்கு முன்வேலை அதிகம். ஆர்சிங்க் (rsync) என்ற நகலெடுக்கும் கருவியை வைத்துக் கோப்புகளை முன்னதாகவே நகலெடுத்து, பிறகு மாறியவற்றை மட்டும் அனுப்ப வேண்டும். மைஎஸ்க்யூஎல் (MySQL) தரவுத்தளத்தின் ரெப்ளிகாவை, அதாவது முதன்மைத் தரவுத்தளத்தின் மாற்றங்களைத் தொடர்ந்து பெற்றுக்கொள்ளும் நகலை, சென்னையில் ஓடவிட வேண்டும். தளத்தின் பெயருக்கு எந்த சர்வர் முகவரி என்று சொல்வது டிஎன்எஸ் (DNS); அந்தப் பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பது டிடிஎல் (TTL). அது 86400 நொடியாக இருந்தால், ஒரு நாளாவது முன்பே 300 ஆகக் குறைத்துவிட வேண்டும். இதை ஒருமுறை மறந்துவிட்டேன். மறுநாள் வரை பழைய சர்வரிலேயே ஆர்டர்கள் விழுந்தன, ஒவ்வொன்றாகக் கையால் சேர்த்தேன். டிடிஎல் குறைத்தாலும் சில ரிசால்வர்கள் (பயனர்களுக்காக முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் சர்வர்கள்) பழைய முகவரியையே பிடித்திருக்கும். அதனால் பழைய சர்வரில் என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வெப் சர்வர் மென்பொருளை வைத்து, வரும் கோரிக்கைகளைப் புதியதற்குத் திருப்பிவிடுங்கள்.

கடைசியில் பழைய தரவுத்தளத்தில் எழுதுவதை நிறுத்தி, ரெப்ளிகா எட்டிப்பிடித்ததும் அதை முதன்மையாக்க வேண்டும். தடங்கல் சில நிமிடங்கள்தான்.

ஆர்டர் வாங்கும் தளத்துக்கு நான் இரண்டாவதையே எடுப்பேன். தகவல் மட்டும் காட்டும் சின்னத் தளமா? சரி, ஒரு ராத்திரி மூடிவிட்டு மாற்றுங்கள்.