செஞ்சி பாறையில பாதியில நின்ன வண்டியும், முள்ளு மீட்டர் வச்சிருந்த அண்ணனும்

இந்த தடவ ஊருக்கு வரும்போது என் கிராலர் வண்டிய கூடவே எடுத்துட்டு வரணும்னு போன வருஷமே முடிவு பண்ணிட்டேன். கனடா மிசிசாகால வீட்டு பின்பக்கம் நாலு கல்ல கொட்டி அதுமேல ஏத்தி இறக்கிட்டு இருக்குறவனுக்கு, செஞ்சில நம்ம கொல்லையிலேயே யானை படுத்திருக்க மாதிரி கருங்கல் பாறை கெடக்குதேங்கிற நெனப்பு குளிர்காலம் பூரா மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன், கிராலர்னா ரேஸ் கார் மாதிரி பறக்குறது இல்ல, நிஜ ஜீப்புல பத்துல ஒரு பங்கு சைஸ், நாலு வீலும் இழுக்கும், ஆள் நடக்குறத விட மெதுவா பாறைய தடவி தடவி ஏறும்.

ஃப்ளைட்டுல பேட்டரிய மட்டும் ஹேண்ட் லக்கேஜ்ல வச்சேன், லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிய செக்-இன் பெட்டியில தனியா போடக்கூடாது. என்னோடது 3 செல், 11.1 வோல்ட், 5000 எம்ஏஹெச், பெருக்கி பாத்தா 55.5 வாட் ஹவர், ஃப்ளைட்டுல விடுற 100க்கு உள்ளதான், அதனால யாரும் ஒண்ணும் சொல்லல. பேட்டரியோட கனெக்டர் வாயில டேப் ஒட்டி, செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுல பாதி சார்ஜ்ல வச்சு எடுத்துட்டு வந்தேன். சென்னை கஸ்டம்ஸ்ல ஸ்கேன்ல ரிமோட்ட பாத்துட்டு "டிரோனா சார்"னு கேட்டாங்க. 2022 பிப்ரவரில இருந்து வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்கு தடை இருக்கு, அதான் கேக்குறாங்க. பெட்டிய தொறந்து நாலு டயரையும் காட்டினதும் சிரிச்சிட்டு மூடிக்க சொல்லிட்டாங்க, மொத்தம் அஞ்சு நிமிஷம் கூட ஆகல. கிளாம்பாக்கத்துல பஸ் ஏறி திண்டிவனம் வழியா மதியத்துக்குள்ள வீடு.

சார்ஜர் விஷயம் ஒண்ணு முன்னாடியே யோசிச்சு வச்சிருந்தேன். கனடால வீட்டு கரண்ட் 120 வோல்ட், இங்க 230, என் சார்ஜரோட அடாப்டர் 120க்கு மட்டும்தான். ஆனா சார்ஜர்ல 12 வோல்ட் டிசி வழியும் இருக்கு. அதனால வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரில முதலைவாய் கிளிப்ப மாட்டி அதுலேர்ந்தே சார்ஜ் பண்ணிக்கிட்டேன். அம்மாதான் கரண்டு போனா ஃபேன் ஓடாதுன்னு ரெண்டு நாள் கண்கொத்திப் பாம்பா பாத்துக்கிட்டு இருந்தாங்க.

கோட்டைக்குள்ள வண்டி ஓட்டுற எண்ணமே எனக்கு கெடையாது. அது தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்குற எடம், 2025ல யுனெஸ்கோ உலக பாரம்பரிய பட்டியல்லயும் சேந்துடுச்சு, அந்த கல்லுல ரப்பர் கோடு போட்டா மனசு ஒப்பாது. எங்க கொல்லைக்கு மேற்கால ஒரு பாறைக் கூட்டம் இருக்கு, அதுவே போதும். அக்கா பையன கூட்டிட்டு சாயங்காலம் அஞ்சு மணிக்கு எறங்கினேன். மொத பாறை சூப்பரா ஏறுச்சு. ரெண்டாவதுல ஒரு இடுக்குல முன் வீல் சிக்குச்சு, திருப்பலாம்னு ஸ்டீரிங்க முழுசா ஒடிச்சேன், அவ்ளோதான், வண்டி செத்த மாதிரி நின்னுடுச்சு. ஒரு செகண்டு. அப்புறம் மோட்டார் பக்கத்துலேர்ந்து ஸ்டார்ட் ஆகும்போது வர்ற அந்த பீப் சத்தம் வந்து திரும்ப உசுரு வந்துச்சு. மறுபடி ஒடிச்சேன், மறுபடி அதே கதை. "மாமா, அதுக்கு மயக்கம் வருது"ன்னான் பையன்.

வீட்டுக்கு தூக்கிட்டு வந்து செங்கல் மேல வச்சு வீல் தரையில படாம ஓட்டி பாத்தேன், ஒரு கொறையும் இல்ல. ஸ்டீரிங் ரெண்டு பக்கமும் நல்லா ஒடியுது, மோட்டார் சுத்துது. எனக்கு மண்ட காஞ்சிடுச்சு. வெயில்ல சூடாகி கட் ஆவுதோன்னு பாத்தா, மோட்டாருக்கு கரண்ட கூட்டி கொறைச்சு குடுக்குற ஸ்பீடு கன்ட்ரோலர் (சுருக்கமா இஎஸ்சி) வெதுவெதுப்பாதான் இருக்கு. பேட்டரி எறங்குனா இது மோட்டார நிப்பாட்டும்தான், ஆனா பேட்டரி பாதிக்கு மேல நிறைஞ்சிருக்கு, அதுவும் இல்ல. சென்னைல ஒரு ஹாபி கடைக்கு போன் போட்டு வாட்ஸ்அப்ல வீடியோவும் அனுப்பினேன். வீடியோவ பாத்தாங்களான்னு கூட தெரியல, "இஎஸ்சி போயிடுச்சு சார், புதுசு போட்டுடுங்க, ஆறாயிரத்து ஐநூறு ஆகும், பாதி அட்வான்ஸ் போடுங்க"ன்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க. எப்ப நிக்குது, எதுல நிக்குதுன்னு ஒரு கேள்வி கூட கேக்கல, அதுதான் எனக்கு உறுத்துச்சு. காசு கூட பரவால்ல, கேக்காம எப்படி தெரியும்?

மறுநாள் அக்கா வீட்டுக்காரர் சொல்லி பஸ் ஸ்டாண்டு பக்கத்து சந்துல ஒரு டிவி மெக்கானிக்கிட்ட போனேன். ஒரு பழைய கடை, ஒரு ஆள் உக்கார எடம், மேல பூரா பிரிச்சுப் போட்ட டிவி போர்டு, செவத்துல ஆணில ஸ்பீக்கர் கோன் மாட்டி இருக்கு. அறுபது வயசு இருக்கும் அவருக்கு. இந்த மாதிரி வண்டி அவர் பாத்ததே இல்ல. ஆனா கையில வாங்கினதும் கேட்ட மொத கேள்வி, "தம்பி, சும்மா இருக்கும்போது நிக்குதா, பளு ஏறும்போது நிக்குதா?"

பளு ஏறும்போதுதாண்ணேன்னேன். "அப்ப சும்மா வச்சு அளந்தா அது பொய் சொல்லும், பளு குடுத்துதான் அளக்கணும்"னு சொல்லிட்டு டிராயர்லேர்ந்து ஒரு பழைய முள்ளு மீட்டர எடுத்தாரு. கண்ணாடில கீறல், ஒரு ஓரமா செலோடேப். டிஜிட்டல் மீட்டரும் பக்கத்துலதான் இருந்துச்சு, கேட்டேன், "அதுல நம்பரு ஓடிக்கிட்டே இருக்கும் தம்பி, எங்க விழுந்துச்சுன்னு கண்ணுல நிக்காது, முள்ளு விழுறது பாத்தாலே தெரியும்"னாரு. ரிமோட் சிக்னல வாங்குற ரிசீவர்ல காலியா இருந்த ஒரு சேனல்ல கம்பிய சொருகி மீட்டர மாட்டினாரு. 6 வோல்ட்ல முள்ளு அசையாம நின்னுச்சு. ரெண்டு முன் டயரையும் கையால இறுக்கி புடிச்சுக்கிட்டு "இப்ப ஒடி"ன்னாரு. ஒடிச்சேன். முள்ளு சடார்னு 4க்கு கீழ வந்துச்சு, அதே நேரம் ரிசீவர் லைட்டு அணைஞ்சுச்சு, பீப். கைய விட்டாரு, முள்ளு மேல ஏறுச்சு. மூணு தடவ பண்ணி காட்டினாரு, மூணு தடவையும் அதே. அப்புறம் மீட்டர பேட்டரில மாட்டி அதையே செஞ்சாரு, அங்க முள்ளு 11 சொச்சத்துலயே நின்னுச்சு, ஆடவே இல்ல. "பேட்டரி நல்லாருக்கு. நடுவுல 6 வோல்ட் குடுக்குற சப்ளைதான் மூச்சு வாங்குது"ன்னாரு.

அப்பதான் எனக்கு பொறி தட்டுச்சு. ஊருக்கு கெளம்புறதுக்கு முன்னாடி இந்த கருங்கல்ல மனசுல வச்சுத்தான் ஸ்டீரிங்க திருப்புற சின்ன மோட்டார், அதான் செர்வோ, பழசா இருந்தத எடுத்துட்டு 25 கிலோ பலம் உள்ள செர்வோ போட்டேன். பலம் ஜாஸ்தின்னா கரண்டும் ஜாஸ்தி, டயர் சிக்கி செர்வோ திரும்ப முடியாம முக்கும்போது நாலு ஆம்ப்ஸ் கூட இழுக்கும். ஸ்பீடு கன்ட்ரோலருக்கு உள்ளயே இருக்குற 6 வோல்ட் சப்ளை, அத பெக்னு சொல்லுவாங்க, அது 3 ஆம்ப்ஸ் வரைக்கும்தான். அதுக்கு மேல கேட்டா வோல்டேஜ் சரியும், ரிசீவர் அணையும், வண்டி நிக்கும். கன்ட்ரோலர் கெட்டே போகல! செங்கல் மேல வச்சா டயர் லேசா திரும்பும், கரண்டு ஏறாது, அதனாலதான் வீட்டுல நல்ல புள்ளையா ஓடுச்சு.

அண்ணன் மொதல்ல கரண்ட கொஞ்சம் தேக்கி வைக்கிற 4700 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒண்ண ரிசீவர்ல சேத்து பாத்தாரு. சட்டுசட்டுன்னு ஒடிக்கும்போது தாங்குச்சு, ஆனா சிக்கிட்டு ஒரு செகண்டு முக்கினா அதுவும் காலியாயிடுது. "இது குடம்தான் தம்பி, உனக்கு கொழாயே பெருசா வேணும்"னாரு. 5 ஆம்ப்ஸ் தர்ற தனி சப்ளை போர்டு ஒண்ணு வாங்கியான்னு சொல்லி அனுப்பினாரு. அளந்து பாத்ததுக்கு காசு குடுத்தா வாங்க மாட்டேன்னுட்டாரு.

ரெண்டு நாள் கழிச்சு சென்னைல வேற வேலையும் இருந்துச்சு, போனேன். ரிச்சி ஸ்ட்ரீட் பதினைஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நான் காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு அலைஞ்ச அதே நெரிசல்லதான் இருக்கு, இப்ப அரசினர் தோட்டம் மெட்ரோல எறங்கி நடந்தே போயிடலாம், அது பெரிய சௌகரியம். ஞாயித்துக்கிழமைல போயிடாதீங்க, முக்காவாசி கடை சாத்தியிருக்கும். மொத கடைல எல்எம்2596 போர்ட எடுத்து நீட்டினாங்க, அது 3 ஆம்ப்ஸ்தான், தொடர்ந்து இழுத்தா அதுக்கும் கம்மி, திரும்ப பழைய கதைதான் ஆவும். பக்கத்து கடைல இருந்த பொண்ணு "எவ்ளோ இன்புட், எவ்ளோ லோடு"ன்னு கேட்டுட்டு எக்ஸ்எல்4015 போர்டு குடுத்தாங்க, 5 ஆம்ப்ஸ் வரைக்கும். "இன்புட் 8 வோல்ட்டுக்கு கீழ போனா வேலை செய்யாது சார்"னு அவங்களே சொன்னாங்க. என்னோடது 3 செல்ங்கறதால பிரச்சனை இல்ல, 2 செல் பேட்டரி ஓட்டுறவங்க இத வாங்காதீங்க, 7.4 வோல்ட்ல இது பத்தாது. ஒட்டுற ஹீட்சிங்க்கும் சேத்து இருநூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. ஆறாயிரத்து ஐநூறு எங்க, இது எங்க.

திரும்ப அண்ணன் கடை. போர்ட வண்டில மாட்டுறதுக்கு முன்னாடி வெறும் பேட்டரில குடுத்து, அந்த சின்ன பித்தளை ஸ்க்ரூவ திருகி திருகி 6 வோல்ட்டுக்கு கொண்டு வந்தோம். இத செய்யாம மாட்டினா 11 வோல்ட் நேரா செர்வோல போயி பொசுங்கிடும். அப்புறம் கன்ட்ரோலர்லேர்ந்து ரிசீவருக்கு வர்ற மூணு ஒயர்ல செவப்ப மட்டும் கழட்டணும், இல்லன்னா ரெண்டு சப்ளையும் ஒண்ணோட ஒண்ணு மோதும். ஒயர அறுக்க விடல அண்ணன், ஊசியால பிளக்கோட பிளாஸ்டிக் நாக்க லேசா தூக்கி செவப்ப மட்டும் உருவி டேப் சுத்தி மடிச்சு வச்சாரு. "பின்னாடி வேணும்னா திரும்ப சொருகிக்கலாம்." டயர புடிச்சுக்கிட்டு ஒடிச்சு பாத்தா முள்ளு 6லேர்ந்து ஒரு மயிரிழை எறங்கினதோட சரி.

பாறைல போட்டோம், நிக்கவே இல்ல. ஆனா வேற ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, மோட்டார அழுத்தினா ஸ்டீரிங் லேசா நடுங்குது. இதுவும் அண்ணன்தான் புடிச்சாரு. மோட்டார்ல கெப்பாசிட்டரே இல்ல, உள்ள கார்பன் பிரஷ் உரசுற எடத்துல பொறி பறக்குது, அந்த எரைச்சல் ஒயர் வழியா வருது. 104னு எழுதின செராமிக் கெப்பாசிட்டர் மூணு, அதாவது 0.1 மைக்ரோஃபாரட், ரெண்டு காலுக்கும் நடுவுல ஒண்ணு, ஒவ்வொரு காலுக்கும் மோட்டார் கூட்டுக்கும் ஒண்ணொண்ணு. கூட்ட அரத்தால தேச்சு பளபளன்னு ஆக்கினாதான் ஈயம் ஒட்டும், சின்ன அயர்ன் சூடு பத்தாதுன்னு பெரிய 60 வாட் அயர்ன போட்டாரு. ரிசீவர் ஆன்டெனா ஒயர் மோட்டார் ஒயரோடயே சுத்தி கெடந்துச்சு, அதையும் பிரிச்சு ஒரு ஜூஸ் ஸ்ட்ராக்குள்ள விட்டு மேல நிக்க வச்சாரு. நடுக்கம் சுத்தமா போயிடுச்சு.

எல்லாத்துக்கும் சேத்து நூத்தம்பது ரூபா கேட்டாரு. ஐநூறு குடுத்தேன், மிச்சத்த என் சட்டப் பாக்கெட்டுலயே திணிச்சிட்டாரு. சரி போகட்டும்னு என் டிஜிட்டல் மீட்டர குடுத்தா அதையும் வாங்கல, "பையன்கிட்ட குடு, கத்துக்கட்டும்"னாரு. வண்டிய இப்ப ஊர்லயே அவன்கிட்ட விட்டுட்டு வந்துட்டேன். லீவு நாள்ல அண்ணன் கடைல போயி உக்காந்துக்குறானாம். செஞ்சி பக்கம் யாராவது எலக்ட்ரானிக்ஸ் பொருள தூக்கிட்டு அலைஞ்சீங்கன்னா பஸ் ஸ்டாண்டு சந்துல டிவி மெக்கானிக்னு கேளுங்க, காட்டுவாங்க. மதியம் ரெண்டுலேர்ந்து நாலு வரைக்கும் சாப்பாட்டுக்கு போயிடுவாரு, அந்த நேரத்துல மட்டும் போகாதீங்க.