பொலிகாளையின் மரபு மதிப்பெண்: ஒன்பது ஆண்டு அனுபவம்

இறைச்சி மாடுகளுக்கான பொலிகாளைகளை மரபு மதிப்பெண், அதாவது ஒரு பண்பில் காளையின் மரபுத் தரத்தைக் கணித்துச் சொல்லும் எண், பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தொடங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன்பு கண்தான் அளவுகோல். அகன்ற முதுகு, திரண்ட பின்தொடை, கட்டான நடை இருந்தால் போதும். தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது என்று பிறகுதான் உணர்ந்தேன்.

உணர்த்தியவை இரண்டு வெட்டுடல்கள், அதாவது அறுத்துத் தோல், குடல் நீக்கிய உடல்கள். இரண்டும் ஆங்கஸ் என்ற இறைச்சி இனத்தின் கலப்பு, ஒரே கொட்டகை, ஒரே தீவனம், வயதில் பத்து நாள் வித்தியாசம். தகப்பன் மட்டும் வேறு. 12-ஆம், 13-ஆம் விலா எலும்புகளுக்கு நடுவே அறுத்த இடத்தில், ஒன்றின் முதுகுத் தசையில் கொழுப்பு நூலிழை நூலிழையாக ஓடியிருந்தது. மற்றதில் தசை வெறும் சிவப்பு. கொழுப்பெல்லாம் தோலடியில் தடித்துக் கிடந்தது. காளைகளின் மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். தசைக்கொழுப்பில் முதல் காளையின் மதிப்பெண் வெகுவாக உயர்ந்திருந்தது.

அதற்காக இனத்தை ஒதுக்கிவிட முடியாது. ஷாரொலே, லிமூசின் கலப்பில் உயிர் எடைக்குக் கிடைக்கும் இறைச்சி கூடும், தோலடிக் கொழுப்பு குறையும். தசைக்குள் கொழுப்பு வேண்டுமென்றால் ஆங்கஸ், அதற்கும் மேல் வாக்யூ. பால் இனமான ஹோல்ஸ்டைன் ரத்தம் ஏறினால் உயிர் எடை நன்றாக நிற்கும்; அறுத்த பிறகு கிடைப்பது குறையும். பெல்ஜியன் புளூவில், தசை வளர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கும் மயோஸ்டாடின் மரபணுவின் மாற்றத்தால் தசை பிதுங்கித் திரளும். ஒரே ஒருமுறை அதைப் பயன்படுத்தினேன். கன்று பெரிதாகி, தலையீற்றுக் கிடாரி ஒன்றைப் பறிகொடுத்தேன். அந்த இரவு இன்னும் மனதை விட்டு அகலவில்லை. அன்றிலிருந்து ஈற்று எளிமைக்கான மதிப்பெண்ணைப் பார்த்த பிறகே இறைச்சிக் கணக்குக்குப் போகிறேன்.

தொடக்கத்தில் இன்னொரு தவறும் செய்தேன். லிமூசின் பட்டியலின் எண்ணை ஆங்கஸ் பட்டியலின் எண்ணோடு அப்படியே ஒப்பிட்டேன். பொதுவாக ஒவ்வோர் இனத்துக்கும் கணக்கின் அடிப்படை வேறு. திருத்தம் செய்யாமல் ஒப்பிடக் கூடாது. காளையின் மதிப்பெண்ணில் கன்றுக்குப் போவதும் பாதிதான். வெட்டுடல் எடையில் இரண்டு காளைகளுக்கு 20 கிலோ வித்தியாசம் என்றால், கன்றுகளில் சராசரியாக 10 கிலோ எதிர்பார்க்கலாம். சில பட்டியல்களில் அந்தப் பாதியை முன்பே கழித்துத்தான் அச்சிடுகிறார்கள். வாங்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் நம்பகத்தன்மை சதவீதத்தை நான் வெகுநாள் பொருட்படுத்தவில்லை. கன்றுகளின் பதிவு இல்லாத இளங்காளை ஒன்றை எண்ணை நம்பி வாங்கினேன். பதிவுகள் சேரச் சேர எண் சரிந்துகொண்டே வந்தது. மரபணுப் பரிசோதனை அந்த ஐயத்தை ஓரளவு குறைக்கிறது, முழுவதும் போக்குவதில்லை. ஆகவே இப்போது ஒரே இளங்காளையை நம்பாமல் மூன்று நான்காகப் பிரித்துக்கொள்கிறேன்.

தீவனம் குறைந்த ஒரு வறண்ட ஆண்டில் நல்ல தகப்பனுக்கும் சுமாரான தகப்பனுக்கும் பிறந்தவற்றின் வெட்டுடல்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. சினை ஊசி போட்டதிலிருந்து வெட்டுடல் கையில் வரும்வரை இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகிறது என்பதால், தீவனம் இல்லாமல் மதிப்பெண் மட்டும் போதாது என்ற அந்த ஓர் ஆண்டின் பாடம் எனக்கு மிக மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது.