பூவோடு வரும் ரெட் ஜிஞ்சர் தொட்டி: பெங்களூர்க்காரர்கள் கவனிக்க

'பூத்த ரெட் ஜிஞ்சர், தொட்டியோடு 650 ரூபாய், வீட்டுக்கே டெலிவரி' என்று ஒரு வாட்ஸ்ஆப் விளம்பரம் பெங்களூர் அபார்ட்மெண்ட் குரூப்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பணம் அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ரெட் ஜிஞ்சர் என்பது இஞ்சிக் குடும்பத்து அழகுச்செடி. ஆனால் எனக்கு வந்தது செடியே இல்லை. தேங்காய் நார்த்தூளில் செருகி வைத்த வெறும் பூத்தண்டு.

கொண்டுவந்தவர் நல்ல தமிழ் பேசினார். "ஓசூர்ப் பக்கம் நம்ம தோட்டம்தான்க்கா, வெயில் படாம வைங்க, பத்து நாள் கேரண்டி" என்றார். அல்சூரில் தமிழுக்கு என்ன பஞ்சம், சரி என்று வாங்கி பால்கனியில் வைத்தோம்.

பத்து நாளும் செடி ஜோராக இருந்தது. அதில்தான் சூட்சுமமே. ரெட் ஜிஞ்சரில் நாம் பூ என்று பார்ப்பது சிவப்பு மடல்களின் அடுக்கு. உண்மையான பூ, அந்த மடல்களுக்கு இடையில் எட்டிப்பார்க்கும் சின்ன வெள்ளைப் பூ. மடல்கள் தடிப்பானவை, வெட்டித் தண்ணீரில் வைத்தாலே வாரக்கணக்கில் வாடாது. பெரிய ஓட்டல் பூச்சாடிகளில் இதை வைப்பதும் அதனால்தான். ஈர நார்த்தூளில் செருகினால் கேட்கவே வேண்டாம், கேரண்டி முடியும்வரை தாங்கும்.

அப்புறம் இலை மஞ்சளாகி, தண்டு அடியில் கொழகொழத்தது. போன் செய்தேன். "பூத்த தண்டு காயத்தான்க்கா செய்யும். அடியோட வெட்டிட்டுக் காத்திருங்க, பக்கத்துல புதுக் குருத்து வரும்" என்றார். எரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது பொய் இல்லை. குலை தள்ளிய வாழை மாதிரி இதிலும் ஒரு தண்டு ஒரு முறைதான் பூக்கும், அடுத்தது பக்கக் கன்றில். ஆனால் கன்று வர அடியில் கிழங்கு வேண்டுமே! தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் கத்தியால் நேராக வெட்டிய அடிப்பகுதி. கிழங்கும் இல்லை, பேருக்கு ஒரு வேரும் இல்லை.

படம் எடுத்து அனுப்பியதும் பேச்சு மாறியது. "கட்டிங்தான்க்கா வச்சது, வேர் பிடிச்சிருக்கும், நீங்க தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க." இது சுத்தப் பொய். இந்தச் செடியின் தண்டு இலையுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டது. வெட்டி நட்டால் அழுகும். தண்டை ஒடித்து நட்டு வளர்ப்பது, பார்க்க இதன் சாயலில் இருக்கும் இன்சுலின் செடி. அதன் இலைகள் தண்டைச் சுற்றிச் சுருளாக ஏறும், ரெட் ஜிஞ்சரில் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கும். ரெட் ஜிஞ்சரைக் கிழங்குத் துண்டிலிருந்தோ, முதிர்ந்த பூக்கொத்துக்குள் முளைக்கும் குட்டிக் கன்றிலிருந்தோதான் வளர்க்க முடியும். இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

ஆகவே நர்சரியானாலும் வீட்டு வாசலானாலும் தண்டைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். கிழங்கு உள்ள செடி தொட்டி மண்ணோடு சேர்ந்து அசையும், செருகியது தனியாகக் கழன்று வரும். ஒற்றைத் தண்டும் பெரிய பூவும் மட்டும் இருந்தால் வேண்டாம். பூவே இல்லாமல் மூன்று நான்கு தண்டும் ஒரு இளங்குருத்தும் இருக்கிற தொட்டி எவ்வளவோ மேல். மேல்மண்ணை விரலால் விலக்கினால் கிழங்கு தட்டுப்பட வேண்டும், அது கெட்டியாக இருக்க வேண்டும். பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.

இன்னொன்று, டிசம்பரில் நட்டு 'பத்தே நாளில் குருத்து' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நியூ கினியா பக்கத்துத் தீவுகளின் செடி இது, கதகதப்பும் ஈரக்காற்றும் கேட்கும். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் 15 டிகிரி வரை இறங்கும்போது வளர்ச்சி மந்தமாகிவிடும். அப்போது தண்ணீரைக் குறையுங்கள். கோடை மழை தொடங்கும் சமயம் நடுவது நல்லது: அகலத் தொட்டி, மட்கிய எரு கலந்த, நீர் தேங்காத மண், காலை வெயில், மதியம் நிழல். கிழங்கை ஆழமாகப் புதைக்க வேண்டாம்.

பணம் அனுப்பிய ரசீது, விளம்பரம், கவிழ்த்த தொட்டியின் படம் மூன்றையும் வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. விளம்பரம் மட்டும் இப்போது வேறு நம்பரிலிருந்து, அதே படத்தோடு வருகிறது.