தெருவில் கோடு போடும் தடி சாக்பீஸ்: வாங்கலாம், நிறம் பார்த்து வாங்குங்கள்

நடைபாதையிலும் தெருவிலும் எழுதுவதற்கென்றே தடிதடியாக ஒரு சாக்பீஸ் விற்கிறார்களே, கட்டைவிரலை விடப் பருமனாக, ஒரு பெட்டிக்குள் பல நிறங்களில், அதைப் பற்றித்தான் இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்குங்கள். நகரத்துப் பிள்ளைகளை வீட்டுக்கு வெளியே விளையாட வைக்க இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு உதவும் வேறு பொருள் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் பெட்டி அட்டையில் இருக்கும் வானவில்லையும் பூவையும் வரைவதற்காக வாங்க வேண்டாம், கோடு போடுவதற்காக வாங்குங்கள்.

படம் என்றால் ஒரு பிள்ளை வரையும், மற்றதெல்லாம் நின்று வேடிக்கை பார்க்கும், கொஞ்ச நேரத்தில் கலைந்துவிடும். கோடு அப்படியில்லை. தரையில் ஒரு பெரிய சதுரம் போட்டு நான்காகப் பிரித்து ஒரு பந்தைக் கொடுத்துவிட்டால், ஆளுக்கொரு கட்டத்தில் நின்று பந்தைத் தட்டி விளையாடுவார்கள், தவறவிட்டவர் வெளியே போக வரிசையில் அடுத்தவர் உள்ளே வருவார். இதற்கு ஒவ்வொரு கட்டமும் சுமார் 2.4 மீட்டர் இருந்தால் சரியாக இருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் குறைத்துக்கொள்ளலாம். அந்த வழியாகப் போகும் முன்பின் தெரியாத பிள்ளைகூட வரிசையில் வந்து நின்றுகொள்ளும், யாரும் கூப்பிட வேண்டியதில்லை. பொது இடத்தில் எனக்கு இதுதான் பெரிய விஷயம். பாண்டிக் கட்டமும் அப்படித்தான், பார்த்ததுமே கால் தானாகத் தாவும், பெரியவர்களுக்கும்கூட. நியூயார்க் தெருக்களில் ஸ்கல்லி என்று ஒரு ஆட்டம் உண்டு. தார்த்தரையில் எண் போட்ட 13 கட்டங்கள், பாட்டில் மூடியை விரலால் சுண்டி ஒன்றிலிருந்து வரிசையாகப் போய் நடுவில் இருக்கும் 13-ஐ எட்ட வேண்டும். ஒரு சாக்பீஸும் சில மூடிகளும் போதும், கவனம் தேவைப்படும் நல்ல ஆட்டம்.

இனி பொருளைப் பற்றி. இதைப் பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்கிறார்கள், அதாவது பிளாஸ்டர் ஆஃப் பாரிசில் நிறத்தைக் கலந்து அச்சில் ஊற்றி இறுகவிடுவது. பள்ளிக்கூட சாக்பீஸ் சொரசொரப்பான தார்த்தரையில் இரண்டு இழுப்பில் தேய்ந்து காணாமல் போகிற இடத்தில் இது தாக்குப்பிடிக்கிறது. இருந்தாலும் எல்லாப் பெட்டியும் ஒன்றல்ல. நான் வாங்கிய ஒரு பெட்டியில் கையில் எடுத்ததுமே மாவாக உதிர்ந்தது, கோட்டை விடத் தூள்தான் அதிகம் (எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை). கடையில் திறந்து பார்க்க முடிந்தால் ஒன்றை எடுத்து விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், விரலில் மெல்லிய படலம் ஒட்டலாம், கட்டி கட்டியாகப் பெயர்ந்து வரக்கூடாது. உருளையாக இருப்பது சரிவான தெருவில் உருண்டு சாக்கடைக்குள் போய்விடும். அடி பருத்து நுனி குறுகியது கொஞ்ச தூரத்திலேயே வளைந்து நின்றுவிடும், சின்னக் கைக்குப் பிடிக்கவும் வசதி.

நிறம் ரொம்ப முக்கியம். கருப்புத் தாரில் வெள்ளையும் மஞ்சளும்தான் தூரத்திலிருந்து தெரியும், இளஞ்சிவப்பு பரவாயில்லை. கருநீலம், பழுப்பு, ஊதா எல்லாம் பெட்டியில் அழகு, தரையில் வீண். வெளிர் நிறக் கான்கிரீட் என்றால் அப்படியே தலைகீழ். பல பெட்டிகளில் வெள்ளை ஒன்றிரண்டுதான் வருகிறது, அதுதான் முதலில் தீரும். வெள்ளை மட்டும் தனியாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள்.

நுனியைத் தண்ணீரில் நனைத்துவிட்டுப் போட்டால் கோடு அடர்த்தியாக விழும், காய்ந்த பிறகு கால் பட்டாலும் சட்டென்று அழியாது. சாக்பீஸ் வேகமாகத் தீரும், அவ்வளவுதான். நேர்கோட்டுக்குக் கொத்தனார் வழிதான் சிறந்தது: நூலில் சாக்பீஸைத் தேய்த்து, இரண்டு பேர் இரு முனையையும் இழுத்துப் பிடிக்க, நடுவில் தூக்கிச் சுண்டிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு இதுவே ஒரு விளையாட்டு. டப்பாவில் வரும் ஸ்ப்ரே சாக்கை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்றடித்தால் முகத்துக்கு வருகிறது, துளையுள்ள கல்லிலும் செங்கல்லிலும் இறங்கிக் கறையாக நிற்கிறது. சாதாரண சாக்பீஸுமே செங்கல் தரையில் லேசாகக் கறை விடலாம், ஓரமாக ஒரு கோடு போட்டுக் கழுவிப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம். மழையில் போய்விடும் என்பதால் எங்கும் போடலாம் என்று நினைக்க வேண்டாம், சில நகரங்களில் சாக்கோடும் சுவர்க்கிறுக்கல் கணக்கில்தான் சேரும். சுவர், சிலை, நினைவுச்சின்னம் பக்கம் போகவே கூடாது.

பெட்டியில் எழுதாத ஒரு குறையும் உண்டு: சாக்கோடு வண்டியை நிறுத்தாது. போக்குவரத்து உள்ள தெருவில் இதைப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்புவது ஆபத்து. தெருவைச் சில மணி நேரம் மூடித்தான் ஆக வேண்டும். இது புது யோசனையும் இல்லை, நியூயார்க்கில் 1914-லேயே காவல்துறை சில தெருக்களை வண்டிகளுக்கு மூடி விளையாட விட்டது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2009-இல் அக்கம்பக்கத்துக் குடும்பங்களே சேர்ந்து பள்ளி விட்ட பிறகு தங்கள் தெருவை மூட ஆரம்பித்து, பிறகு அது வேறு பல ஊர்களுக்கும் பரவியது. அப்படி மூடிய தெருவில் சாக்பீஸ் செய்கிற வேலையை ஊஞ்சலும் சறுக்குமரமும் செய்யாது. ஆம்ஸ்டர்டாமில் 1947 முதல் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டிடக் கலைஞர் வீடுகளுக்கு நடுவே சும்மா கிடந்த இடங்களில் எழுநூறுக்கும் மேற்பட்ட விளையாட்டிடங்களை அமைத்தார், பெரும்பாலும் மணல்குழி, கம்பி, கல் இவ்வளவுதான், பலவற்றுக்கு வேலிகூடக் கிடையாது. எப்படி விளையாடுவது என்பதைப் பிள்ளையிடமே விட்டார். ஒரு நகராட்சி அந்த அளவுக்கு மனம் வைக்கும் வரை நம் தெருவில் நாம் இன்றைக்கே செய்யக்கூடியது ஒரு கோடு.

தூளைக் குழந்தை வாயில் வைக்கும் வயதென்றால், நச்சு உலோகங்களுக்குச் சோதித்த அடையாளம் (ஐரோப்பியத் தரம் என்றால் ஈஎன் 71) அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாததை விட்டுவிடுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் வருவதை வாங்கினால் நல்லது, அட்டைப்பெட்டி ஒரு தூறலுக்கே நைந்துவிடும். நனைந்த சாக்பீஸை மூடி வைக்காமல் நிழலில் காயவிட்டால் மறுபடி கெட்டியாகிவிடும்.